ஊழியம் முடித்துத் திரும்பும் தம்பதியர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் திருச்சபைப் பணியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் கணவன் மனைவிக்கு, வீடு போய்ச் சேர்வதற்கு முன் சில வாரங்கள் ஐரோப்பாவில் தங்கி மலைகளையும் ஆறுகளையும் பார்க்கும் வாய்ப்பு வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒருமுறைதான் கிடைக்கிறது. ஊருக்கு வந்துவிட்டால் பேத்தியின் ஞானஸ்நானம், வீட்டுக் கூரை, திருமண்டலக் கூட்டங்கள் என்று வேலைகள் நம்மைப் பிடித்துக்கொள்ளும்; பிறகு எத்தனை ஆசை இருந்தாலும் புறப்பட முடியாது. தான்சானியாவில் கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் பணியாற்றிய எனக்கும் என் மனைவிக்கும் ஐரோப்பா நேர்வழியில் இல்லை. ஆயினும் எங்களை அங்கே இழுத்த காரணம் ஒன்று இருந்தது. 1893இல் கிளிமஞ்சாரோ பகுதிக்கு மிஷனெரிகளை அனுப்பிய லைப்சிக் மிஷன் சங்கமே, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் தரங்கம்பாடிப் பணியை டேனியரிடமிருந்து பொறுப்பேற்றிருந்தது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்தப் பணியின் தொடர்ச்சியாக 1919இல் உருவானது. நாங்கள் பணிசெய்த ஊருக்கும் எங்கள் சொந்த ஊருக்கும் நடுவே இருக்கும் ஜெர்மனியின் லைப்சிக் என்ற அந்த மூன்றாவது ஊரைப் பார்க்காமல் திரும்ப மனம் ஒப்பவில்லை.

ஐரோப்பாவில் பார்ப்பதற்கு எத்தனையோ உண்டு. பாரிஸ், ரோம், வெனிஸ் என்று பத்து நாட்களில் ஏழு நகரங்களைச் சுற்றிக் காட்டும் குழுப் பயணத்தை, ஊழியம் முடித்த கையோடு வருகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஆண்டுகளாகப் பிறருடைய தேவைகளுக்கு ஏற்ப எழுந்து, உண்டு, உறங்கிய உடலுக்கு முதலில் ஓய்வு வேண்டும். மூன்று வாரங்கள் கிடைக்குமானால் நான்கு ஊர்களை மட்டும் தங்குமிடமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பகலில் சென்று மாலையில் திரும்பும்படி திட்டமிடுங்கள். கீழே நான் விவரிக்கும் பாதை, ஜெர்மனியின் கிழக்கில் லைப்சிக்கில் தொடங்கி, டிரெஸ்டன், பாசல் வழியாக சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கை அடைந்து, பெர்னினா மலை ரயிலில் இத்தாலிக்குள் இறங்கி முடிகிறது. நமக்குத் தெரிந்த மிஷன் வரலாறும் கண்ணுக்கு இனிய நிலமும் ஒரே பாதையில் அமைவது இங்கே.

விசாவும் காகிதங்களும்

ஊழிய ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதங்கள் இருக்கும்போதே விசா வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாட்களுக்குள் விண்ணப்பிக்க முடியாது. சட்டப்படி நீங்கள் வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பணிசெய்த நாட்டின் வதிவிட அனுமதி உயிரோடு இருக்கும்போதே அங்குள்ள தூதரகத்தில் விண்ணப்பித்துவிட்டால் வேலை எளிது. அனுமதி முடிந்த பிறகு என்றால், முதலில் இந்தியா திரும்பி, சென்னையிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகமே உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். இந்தப் பாதையில் ஜெர்மனியில் கூடுதல் இரவுகள் தங்கினால் ஜெர்மன் தூதரகம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.

விசா அதிகாரி மனத்தில் எழும் முக்கியமான கேள்வி, இவர்கள் திரும்பிச் செல்வார்களா என்பதுதான். ஊழியம் முடித்தவர்களிடம் வேலைச் சான்றிதழ் இருக்காது. பணி முடிந்த நாட்டுக்கும் திரும்பப் போவதில்லை. ஆகையால் அனுப்பிய திருச்சபையிடமிருந்து, பணி எந்தத் தேதியில் முடிகிறது, ஊர் திரும்பிய பின் நீங்கள் எந்தப் பொறுப்பை ஏற்கிறீர்கள் அல்லது எந்த ஓய்வூதியத்தைப் பெறுகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லும் கடிதம் ஒன்றை வாங்கி இணையுங்கள். இந்தியா திரும்பும் விமான முன்பதிவும் அதோடு இருக்கட்டும். ஜெர்மனியில் ஒரு சபைக் குடும்பம் உங்கள் செலவை ஏற்பதாகச் சொன்னால், அவர்கள் தம் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் முறையான பொறுப்புறுதிப் பத்திரம் பெற்று அனுப்ப வேண்டும். அன்போடு எழுதிய அழைப்புக் கடிதம் மட்டும் அதற்கு ஈடாகாது.

ஐரோப்பாவிலேயே பணியாற்றியவர்களின் நிலை வேறு. ஒரு ஷெங்கன் நாட்டின் வதிவிட அனுமதி செல்லுபடியாக இருக்கும் வரை, மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தனி விசா இல்லாமல் பயணம் செய்யலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் இல்லை. பணி முடிந்ததும் அனுமதியின் காலம் குறைக்கப்படக்கூடும் என்பதால், அட்டையில் அச்சிட்ட தேதியை மட்டும் நம்பாமல், அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சுற்றுலா விசாவில் ஊதியம் பெற்றுக்கொண்டு பிரசங்கிக்கவோ பணியாற்றவோ கூடாது. இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஊழியம் முடித்து வருகிறவர்கள் ஐரோப்பாவுக்கு வருகிறார்கள் என்றதும், கூட்டாளிச் சபைகள் அன்போடு அழைப்பார்கள்: படங்கள் காட்டுங்கள், சாட்சி சொல்லுங்கள், பெண்கள் ஐக்கியத்தில் ஐந்து நிமிடம் பேசுங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை மட்டும் அதற்குக் கொடுங்கள். மற்ற இரண்டிலும் ஆராதனைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மொழி புரியாவிட்டாலும் தெரிந்த மெட்டுகளைத் தமிழில் மனத்துக்குள் பாடிவிட்டு வாருங்கள். அந்த இரண்டு ஞாயிறுகள் தந்த ஆறுதலை நாங்கள் மேடையில் நின்ற ஞாயிறு தரவில்லை.

உடலும் பெட்டியும்

கூடுதல் சாமான்களைச் சரக்காக ஊருக்கு அனுப்பிவிட்டு, ஆளுக்கு ஒரு சிறு பெட்டியோடு மட்டும் ஐரோப்பாவுக்குள் நுழையுங்கள். ரயிலில் ஏற இரண்டு படிகள் இருக்கும். தூக்கிவிட யாரும் வரமாட்டார்கள். ஐந்து நிமிட இடைவெளியில் நடைமேடை மாற வேண்டிய நேரங்களில், நீங்களே தூக்கக்கூடிய பெட்டிதான் பயணத்தைக் காப்பாற்றும்.

மலேரியா உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கொசு கடித்துப் பல வாரங்கள் கழித்தும் காய்ச்சல் வரலாம். சிற்றூர் மருத்துவருக்கு மலேரியா உடனே நினைவுக்கு வராமல் போகலாம். ஆகவே எங்கிருந்து வந்தீர்கள், எப்போது புறப்பட்டீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவசர உதவிக்கு ஐரோப்பா முழுவதும் 112 என்ற எண். புல்வெளிகளிலும் காட்டுப் பாதைகளிலும் உண்ணிகள் உண்டு. முழுக்கால் உடை அணிந்து, இரவில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் கழுத்து, முழங்காலின் பின்புறம், இடுப்பு ஆகிய இடங்களைப் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

உணவு விஷயத்தில் ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய்ப் பாட்டிலை விட்டுவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். ரசப்பொடி, பருப்புப் பொடி, உலர்ந்த மிளகாய் ஆகியவற்றுக்குத் தொல்லை இல்லை. சமையலறையோடு கூடிய விடுமுறைக் குடியிருப்பை எடுத்தால், இரவில் ஒரு கைப்பிடி அரிசியும் ரசமும் போதும், செலவும் பாதியாகும். பாசல், பெர்ன், சூரிச் நகரங்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் இருப்பதால், சுவிட்சர்லாந்து சென்றதும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அங்கேயே கிடைக்கும்.

எப்போது செல்வது

மே மாத நடுவிலிருந்து ஜூன் மூன்றாம் வாரம் வரை, அல்லது செப்டம்பர் மாதம். ஜூனில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரப்படாமல் நடக்கலாம். செப்டம்பரில் மலைக்காட்சி தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு. பரமேறுதல் பண்டிகையும் பெந்தெகொஸ்தேயின் மறுநாள் திங்களும் ஜெர்மனியில் பொது விடுமுறை நாட்கள். அந்த நாட்களில் கடைகள் அடைத்திருக்கும், ரயில்கள் நிரம்பி வழியும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஜெர்மனியில் கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டியும் அரிசியும் வாங்கி வைத்துவிட வேண்டும்.

பயணச்சீட்டுகள்

ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கு யூரெயில், அங்கே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில் என்று இரு சீட்டுகள் உண்டு. ஐரோப்பாவிலேயே ஊழியம் செய்தவர்கள் அங்கே வசிப்போராகவே கருதப்படுவார்கள் என்பதால் தவறான சீட்டை வாங்கிவிடாதீர்கள். ஆனால் இந்தப் பாதைக்கு இவை இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து. ஜெர்மனியில் டாய்ச்லாந்து டிக்கெட் என்ற மாதச் சீட்டு, எல்லா வட்டார ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் டிராம்களிலும் செல்லும். அதிவேக ரயில்களில் செல்லாது. 2023இல் 49 யூரோவில் தொடங்கியது, 2025இல் 58 யூரோவானது; விலை ஏறிக்கொண்டே வருகிறது, என்றாலும் இன்னும் மலிவுதான். அது காலண்டர் மாதத்துக்கானது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா முறையில் விற்கப்படுவதால், அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். வாங்கிய அன்றே ரத்துக் கோரிக்கையையும் பதிவு செய்துவிட்டால் கவலை இல்லை. டிரெஸ்டனிலிருந்து பாசல் செல்லும் நெடும்பயணத்துக்கு மட்டும் அதிவேக ரயிலின் சலுகைச் சீட்டை மாதங்களுக்கு முன்பே வாங்குங்கள். சுவிட்சர்லாந்தில் எட்டு நாள் சுவிஸ் டிராவல் பாஸ் விலை கூடுதலாகத் தோன்றினாலும், ரயில், பேருந்து, ஏரிப்படகு, பல மலை ரயில்கள், நூற்றுக்கணக்கான அருங்காட்சியகங்கள் எல்லாம் அதில் அடங்கும்.

லைப்சிக்கும் ஹாலேயும்

லைப்சிக்கில் நான்கைந்து இரவுகள் தங்குங்கள். இசையமைப்பாளர் பாக் பணியாற்றிய தோமா ஆலயத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கும் சிறுவர் பாடகர் குழுவினர் இசையாராதனை நடத்துகிறார்கள். அருகிலுள்ள நிக்கோலாய் ஆலயத்தின் திங்கட்கிழமை ஜெபக்கூட்டங்களிலிருந்து தான் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரான 1989இன் அமைதிப் போராட்டம் வளர்ந்தது. லைப்சிக் மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நடப்பது தமிழருக்குத் தனி நிறைவு.

ஆனால் ஒரு முழு நாளைக் கட்டாயம் ஒதுக்க வேண்டியது ஹாலேக்கு. லைப்சிக்கிலிருந்து நகர ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 1698இல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்றும் ஒரு சிறு நகரமாக அங்கே நிற்கின்றன. நீண்ட முற்றத்தின் ஒரு பக்கம் முழுவதும், மரச்சட்டங்களுக்கு இடையே சுவர் நிரப்பிக் கட்டிய அடுக்குமாடி வீடுகள் தொடர்ந்து செல்வதைப் பார்த்தால் கண் அளவெடுக்கத் தடுமாறும். ஹாலேயில் படித்த மிஷனெரி சீகன்பால்கு தான் தம் தோழர் புளூட்சோவோடு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையேறினார். தஞ்சை மக்கள் நினைவில் வைத்திருக்கும் சுவார்ட்ஸ் ஐயரும் இங்கிருந்து வந்தவரே. தமிழ் அச்செழுத்துகளை வார்த்துக் கப்பலில் அனுப்பியதும் இந்த இடம். அவை அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் அதிகம் செலவாக, பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.

பழைய அநாதை இல்லக் கட்டடத்தின் கூரைக்கு அடியிலுள்ள அரும்பொருள் அறைக்கு ஏறிச் செல்லுங்கள். வண்ணம் தீட்டிய உயரமான மர அலமாரிகள், பதினெட்டாம் நூற்றாண்டில் வைத்த அதே அறையில், அதே வரிசையில் நிற்கின்றன. சங்குகள், பாடம் செய்த விலங்குகள் ஆகியவற்றோடு இந்தியாவிலிருந்து மிஷனெரிகள் அனுப்பிய பொருட்களும் உள்ளன. பனையோலையில் எழுதிய தமிழைக் கண்டதும் என் மனைவி கண்ணாடிப் பெட்டியின் மீது குனிந்து, புள்ளி இல்லாத மெய்யெழுத்துகளை ஊகித்து ஊகித்து ஒரு வரியை வாய்விட்டுப் படித்தாள். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஓலைச்சுவடிகளை முறையாகப் பார்வையிட விரும்புகிறவர்கள் ஆவணக் காப்பகத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே எழுதி அனுமதி பெற வேண்டும். திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். புறப்படும் முன் கூரையிலுள்ள மேல்தளத்துக்கு ஏறி, ஹாலே நகரின் கோபுரங்களைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

டிரெஸ்டன்: எல்பே ஆறும் மணற்பாறை மலைகளும்

இந்தப் பயணத்தின் முதல் பெரிய இயற்கைக் காட்சி டிரெஸ்டனுக்குத் தென்கிழக்கில் தொடங்குகிறது. சாக்சன் சுவிட்சர்லாந்து என்று அழைக்கப்படும் மலைப்பகுதியில் எல்பே ஆறு மணற்பாறைகளை அறுத்துக்கொண்டு வளைந்து செல்கிறது. பாறைகள் தூண் தூணாக, மரங்களுக்கு மேலே நிமிர்ந்து நிற்கின்றன. நகர ரயிலில் ராட்டன் என்ற சிற்றூரில் இறங்கினால், ஊர் ஆற்றின் மறுகரையில் இருக்கும். கடக்க உதவும் படகுக்கு எந்திரம் கிடையாது. ஆற்றின் மேற்பகுதியில் நங்கூரமிட்ட நீண்ட கம்பியில் அது கட்டப்பட்டுள்ளது. படகோட்டி படகைச் சற்றே சாய்த்துத் திருப்ப, நீரோட்டத்தின் அழுத்தமே அதை அக்கரைக்குத் தள்ளிச் செல்கிறது. சத்தமே இல்லாமல் கரை நகர்வதைக் கவனிக்க மறக்காதீர்கள்.

ராட்டனிலிருந்து பாஸ்டை பாறைக்கு ஏறும் பாதையில் படிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது தான் கடினம். ஆகையால் பிர்னா நகரிலிருந்து பேருந்தில் நேரே மேலே சென்று, பார்த்துவிட்டுப் பேருந்திலேயே திரும்பலாம். அல்லது காலையில் மெல்லப் படியேறி, திரும்பும்போது பேருந்தைப் பிடிக்கலாம். பாறைத் தூண்களை இணைத்து 1851இல் கட்டிய கற்பாலம் அங்கே இருக்கிறது. ஆற்றுக்கு ஏறத்தாழ 190 மீட்டர் மேலே நின்று, கீழே துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் ஊர்ந்து வருவதைப் பார்க்கலாம். காலை எட்டரைக்கு முன் போனால் கூட்டம் இராது. மறுநாள் அந்தக் கப்பலிலேயே ஏறி டிரெஸ்டன் திரும்புங்கள், கால்களுக்கும் ஓய்வு.

டிரெஸ்டனிலிருந்து காமென்ஸ் செல்லும் சிறு ரயிலில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் இறங்கலாம். 1682இல் சீகன்பால்கு பிறந்த ஊர் இது. ஊர் முழுவதும் மசாலா வாசம் வீசும் மிளகு கேக்குக்குப் பெயர்பெற்றது. சதுக்கத்தைச் சுற்றி நடந்து, ஆலயத்தைப் பார்த்து, ஒரு கேக் பொட்டலம் வாங்க அரை நாள் போதும்.

ஹெர்ன்ஹூட் அப்படி அரை நாளில் பார்க்கும் இடமாகாது. லோபாவ் வரை ரயில், பிறகு பேருந்து. மொராவியாவிலிருந்து தப்பிவந்த அகதிகளுக்கு சின்செண்டார்ஃப் பிரபு தம் நிலத்தில் இடம் கொடுக்க, 1722இல் இந்த ஊர் உருவானது. பத்தே ஆண்டுகளில், 1732இல், அகதிகளாக வந்தவர்களே கரீபியத் தீவுகளுக்கு மிஷனெரிகளை அனுப்பத் தொடங்கினார்கள். 1760இல் அவர்களில் சிலர் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். 2024இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஆலயத்தின் உள்ளே சுவர், பெஞ்சு எல்லாம் வெள்ளை. பிரசங்க மேடைக்குப் பதில் ஒரு மேசை மட்டும். ஊருக்கு வெளியே லிண்டன் மரங்களின் வரிசையில் ஏறிச் சென்றால் கல்லறைத் தோட்டம்: ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், எல்லோருக்கும் ஒரே மாதிரியான தட்டைக் கல். எங்கோ வெகுதூரத்தில் பணிசெய்து திரும்பியவர்களும் அங்கே படுத்திருக்கிறார்கள். ஓர் இரவு அங்கே தங்கி, மாலையிலும் விடியலிலும் அந்தத் தோட்டத்தில் நடந்து வாருங்கள். 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகும் தினவசனப் புத்தகம் இந்த ஊரிலிருந்து தான் உலகமெங்கும் செல்கிறது. ஒரு பிரதியை வாங்கிக்கொண்டால் மீதிப் பயணத்தின் ஒவ்வொரு காலையும் அதோடு தொடங்கலாம்.

பாசல் வழியாக மலைகளுக்கு

டிரெஸ்டனிலிருந்து பாசல் ஒரு முழு நாள் பயணம். இடையில் ரைன் பள்ளத்தாக்கில் பாகராக் போன்ற சிற்றூரில் ஓர் இரவு தங்கினால் களைப்புத் தெரியாது. பிங்கனுக்கும் கோப்லன்ஸுக்கும் இடையே திராட்சைச் சரிவுகளும் கோட்டைகளும் நிறைந்த அந்த 65 கிலோமீட்டர் நீளப் பகுதியை ரயில் ஆற்றங்கரையை ஒட்டியே கடக்கிறது.

பாசலில் இரண்டு இரவுகள் போதும். 1815இல் தொடங்கிய பாசல் மிஷனின் இல்லம் மிஷன் தெருவிலேயே இருக்கிறது. மங்களூரின் ஓட்டுத் தொழிற்சாலைகள், தலைச்சேரியில் குண்டர்ட்டின் மலையாள அகராதி, நீலகிரியில் கேத்தி, கோத்தகிரிச் சபைகள் எல்லாம் இந்த மிஷனில் பணியாற்றியவர்களின் உழைப்பு. வழியில் பெர்ன் நகரில் இறங்கி, 2014இல் திறந்த மதங்களின் இல்லத்தைப் பார்க்கலாம். கிறிஸ்தவர், இஸ்லாமியர், பௌத்தர், துருக்கியைச் சேர்ந்த சமயப் பிரிவினரான அலேவியர் ஆகியோரின் வழிபாட்டு இடங்களோடு ஈழத்தமிழரின் சைவக் கோவிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. பல சமயத்தாரின் நடுவே ஊழியம் செய்தவர்களுக்கு அங்கே பேசிக்கொண்டிருக்க நிறைய உண்டு.

லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு

ஒரு வாரத்தை இங்கே முழுதாகக் கழியுங்கள். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அவற்றின் உச்சியிலிருந்து அருவிகள் விழுகின்றன. ஊருக்கு மேலேயே விழும் ஸ்டவுப்பாக் அருவி ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். தரையைத் தொடுவதற்கு முன் காற்றில் புகையாகச் சிதறிவிடும். பள்ளத்தாக்கில் அறை கிடைக்காவிட்டால் வெங்கனிலோ மியூரனிலோ தேடுங்கள். இரண்டு ஊர்களுக்கும் கார் செல்லாது.

எல்லோரும் போகச் சொல்லும் இடம் 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக். இதய நோயோ மூச்சுத் திணறலோ உள்ளவர்களுக்கு அந்த உயரம் உகந்ததல்ல. செலவும் மிக அதிகம். அதைவிட மியூரன் பாதையை நான் பரிந்துரைக்கிறேன். லவுட்டர்புருன்னனிலிருந்து கம்பிவண்டியில் குரூட்ஷால்ப் வரை ஏறி, அங்கே சிறு ரயிலில் ஏறாமல், தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் மியூரன் வரை நடங்கள். ஏற்ற இறக்கம் குறைவு. மெதுவாக நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடக்க நடக்க ஐகர் (3,967 மீட்டர்), மோன்க் (4,110), யுங்ஃபிராவ் (4,158) மூன்றும் எதிரே கூடவே வருகின்றன. நடுவில் ஒரு நிறுத்தம் உண்டு. களைத்தால் அங்கிருந்து ரயிலில் ஏறிக்கொள்ளலாம். கம்பிவண்டியும் ரயிலும் பாஸில் அடங்கும்.

இந்த வாரத்தில் தம்பதியர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊழியத்தை விட்டு வந்த துக்கம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று துடிப்பார். மற்றவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, விட்டுவந்த சபையின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருப்பார். ஒருநாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டு, மதியத்துக்குப் பின் இருவரும் விருப்பப்படி தனித்திருக்க நேரம் விடுங்கள். மழை நாளில் மலையேற முயலாமல், பாஸைக் காட்டி பிரியன்ஸ் ஏரிப் படகில் ஏறிச் சுற்றி வாருங்கள்.

பெர்னினா வழியாக இத்தாலிக்கு

கடைசி நெடும்பயணம் கூர் நகரிலிருந்து தொடங்கும் மலை ரயில். 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அல்புலா, பெர்னினா தடங்கள் இவை. கண்ணாடிக் கூரையுள்ள பெர்னினா எக்ஸ்பிரஸுக்குத் தனி முன்பதிவுக் கட்டணம் உண்டு. ஜன்னலைத் திறக்கவும் முடியாது. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வட்டார ரயில்களுக்கு முன்பதிவு வேண்டாம். பல பெட்டிகளில் ஜன்னல்கள் திறக்கும். விரும்பிய நிலையத்தில் இறங்கி, அடுத்த ரயிலில் தொடரலாம். நான் அதையே சொல்வேன்.

வளைவான லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரத்தில் பாறையின் நடுவிலுள்ள சுரங்கத்துக்குள் நேரே நுழைகிறது; தெற்கு நோக்கிச் செல்லும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் வண்டியின் முன்பகுதி பாலத்தில் வளைவதைக் காணலாம். 2,253 மீட்டர் உயரத்து ஓஸ்பிட்சியோ பெர்னினாவில் ஜூனிலும் பனிக்கட்டி மிதக்கும் ஏரி இருக்கும். சட்டைக்கு மேல் கம்பளி தயாராக இருக்கட்டும். அங்கிருந்து பற்சக்கரம் இல்லாமலே ரயில் இறங்கத் தொடங்கி, புருசியோவில் முழு வட்டமாகச் சுழன்று, 429 மீட்டர் உயரத்துத் திரானோவை அடையும்போது பனை மரங்கள் நிற்கும். காலையில் பனி, மாலையில் வெயில். பாஸ் திரானோ வரை செல்லும். அங்கிருந்து கோமோ ஏரிக்கரையோரமாக மிலான் செல்லும் வட்டார ரயிலுக்குத் தனிச் சீட்டு வாங்கி, காகிதச் சீட்டாக இருந்தால் நடைமேடைக் கருவியில் முத்திரையிட்ட பிறகே ஏறுங்கள்.

திரும்பும் நாள்

மிலானிலிருந்து புறப்படும் தேதியைக் கணக்கிடும்போது நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் சேர்ந்தே எண்ணப்படும் என்பதைக் கவனியுங்கள். விசாவில் எழுதிய நாட்களில் இரண்டையாவது மிச்சம் வைத்துத் திட்டமிட்டால், விமானம் ரத்தானாலும் சிக்கல் வராது. மஞ்சள் காய்ச்சல் பட்டியலிலுள்ள நாட்டிலிருந்து புறப்பட்டு ஆறு நாட்களுக்குள் இந்தியா வருகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். மூன்று வாரம் ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கு அந்தக் காலம் கடந்துவிடும் என்றாலும், அந்த மஞ்சள் அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். திருமண்டல அலுவலகத்துக்கும் சொந்தச் சபைக்கும் இப்போதே எழுதி, வரவேற்புக் கூட்டத்தை நீங்கள் வந்திறங்கும் ஞாயிறன்று வைக்காமல் இரண்டு வாரம் தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பேராயர் அலுவலகம் பெரும்பாலும் சம்மதிக்கும், கேட்காவிட்டால் சுவரொட்டி அச்சாகிவிடும்.